பானை முத்திரையைக் கேட்டு வாங்க வேண்டியது யார்?

பொத்தேரி ரயில் நிலையத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் வந்தால் வரிசையாக உணவகங்கள், ஜூஸ் கடைகள், நகலகங்கள். பல்கலைக்கழக மாணவர்களை நம்பியே நடக்கிற கடைவீதி அது. பொழுது சாய்ந்துவிட்டால் பார்சல் கட்டுகிற கைகளுக்கு ஓய்வே கிடையாது. பரோட்டா ஒரு தாளில், சால்னா ஒரு பையில், வெங்காயம் இன்னொரு துண்டில் என்று தனித்தனியாகக் கட்டி, எல்லாவற்றையும் கைப்பிடி வைத்த ஒரு கவருக்குள் போட்டுக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு கவரை வாங்கி வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். வெளிர் பச்சை நிறம், நடுவில் ஓர் இலைப் படம், 'நூறு சதவீதம் மக்கும்', 'பூமியைக் காப்போம்' என்று ஆங்கில எழுத்துகள். தயாரித்தவர் பெயர் எங்கும் இல்லை. ஊர் இல்லை. சான்றிதழ் எண்ணும் இல்லை.

கடைக்காரரிடம் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "லேபுக்கு எடுத்துட்டுப் போய் நான் டெஸ்ட் பண்ணவா முடியும், சார்? இது மக்குற கவரு, ஃபைன் போட மாட்டாங்கன்னு மொத்தக் கடைல சொன்னாங்க. சாதாக் கவரைவிட கிலோவுக்குக் கூடக் காசு கொடுத்துத்தான் வாங்குறேன்." அவர் ஏமாற்றவில்லை, ஏமாந்திருக்கிறார். சட்டத்துக்குப் பயந்து, நல்லதைச் செய்கிறோம் என்று நம்பிக் கூடுதல் விலையும் கொடுத்துவிட்டு, கையில் வெறும் பச்சை மையை வாங்கி வைத்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. கைப்பிடிப் பைகள் எந்தத் தடிமனில் இருந்தாலும் அந்தத் தடைக்குள் வரும். விதிவிலக்கு, முறைப்படி சான்று பெற்ற மக்கும் பிளாஸ்டிக்குக்குத்தான். அப்படிப்பட்ட பையை விற்க வேண்டுமானால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழை முன்னதாகவே பெற்றிருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. தடைக்கும் விதிவிலக்குக்கும் நடுவே ஒரு சந்து திறந்திருக்கிறது. இலைப் படம் அச்சிட்ட சாதாரண பாலித்தீன் அந்தச் சந்து வழியாகத்தான் கடைகளுக்கு வந்து சேர்கிறது.

சரி, கவர் உண்மையாகவே மக்கும் வகை என்றே வைத்துக்கொள்வோம். அந்த வகைப் பிளாஸ்டிக்குக்கான தர அளவுகோலின் எண் 17088. கட்டுப்படுத்தப்பட்ட உரமாக்கல் சூழலில், சுமார் 58 டிகிரி வெப்பத்தில், 180 நாளுக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்பது அதன் சாரம். குப்பையைக் குவித்து, ஈரம் காத்து, காற்றோட்டம் கொடுத்து நடத்தும் பெரிய உரக்கூடத்தில்தான் அந்த வெப்பம் கிட்டும். பொத்தேரி ஏரிக்கரையின் புதரிலோ, பாலாற்று மணலிலோ, கோவளத்துக் கடல்நீரிலோ கிட்டாது. ஆகவே உண்மையான மக்கும் பைகூட, தனியாகப் பிரித்து உரக்கூடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இல்லாத ஊரில் அது சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாது. முத்திரை பொய்யில்லை. அது மெய்யாகிற இடத்துக்குப் பை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சின்னப் பைக்குள்ளேயே சூழல் முத்திரைகளின் சிக்கல் முழுவதும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தன் பொருளைப் 'பசுமை' என்று அறிவித்துக்கொள்ளலாம் என்பது ஒரு நிலை. தயாரிப்பாளருக்குச் சம்பந்தமில்லாத மூன்றாவது ஒருவர் சோதித்துச் சொல்வது வேறு நிலை. இரண்டையும் சர்வதேசத் தர அமைப்பே தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. நிறுவனம் தானே சொல்லிக்கொள்வதற்கு 14021 என்ற தரம். பொருளின் பிறப்பு முதல் அழிவு வரை பார்த்து, வெளியார் சான்று தரும் முத்திரைக்கு 14024. ஆனால் கவர் மேல் அச்சாகும் இலைப் படத்தில் இந்த வேறுபாடு தெரியாது. 2007-இல் வட அமெரிக்காவில் டெர்ராசாய்ஸ் என்ற நிறுவனம் கடைகளில் இருந்த 1,018 பொருள்களின் பசுமை வாசகங்களை ஆராய்ந்தது. ஒரே ஒரு பொருளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பொய்யோ திசைதிருப்பலோ இருந்ததாக அந்த ஆய்வு சொன்னது.

நம்மிடம் முறையான முத்திரை இல்லாமல் போகவில்லை. 1991 பிப்ரவரியிலேயே இந்தியா 'ஈகோமார்க்' திட்டத்தை அறிவித்துவிட்டது. உலகின் முதல் சூழல் முத்திரையான ஜெர்மனியின் 'நீலத் தேவதை' 1978-இல் வந்தது. ஜப்பான் 1989-இல் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பூ முத்திரை 1992-இல்தான் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கே நாம் ஓராண்டு மூத்தவர்கள். நமது முத்திரையின் சின்னம் மண்பானை. மண்ணால் ஆனது, நச்சுக் கழிவு விடாதது, செய்வதற்குக் குறைந்த எரிசக்தி போதும், உறுதியும் உடையும் தன்மையும் ஒருசேரக் கொண்டது என்று அந்தத் தேர்வுக்குக் காரணம் சொல்லப்பட்டது. சோப்பு, காகிதம், வண்ணப்பூச்சு, மின்கலம், துணி, தோல் என்று 16 வகைப் பொருள்களுக்கு அளவுகோல்கள் எழுதப்பட்டன. அமைச்சகத்தில் ஒரு வழிகாட்டுக் குழு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் ஒரு தொழில்நுட்பக் குழு, சான்றிதழ் வழங்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் என்று அமைப்பும் முழுமையாகவே இருந்தது.

முப்பது ஆண்டுகளில் அந்தப் பானையை எந்தக் கடையிலாவது பார்த்த நினைவு உங்களுக்கு உண்டா? ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்திருப்போம், அக்மார்க்கைப் பார்த்திருப்போம். ஏ.சி. வாங்கப் போகும் குடும்பம் கடைக்காரரிடம் கேட்கிற முதல் கேள்வியே 'எத்தனை ஸ்டார்?' என்பதுதான். பானையை யாரும் கேட்டதில்லை. உரிமம் பெற்ற நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன.

காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஈகோமார்க் வேண்டுமென்றால் முதலில் ஐ.எஸ்.ஐ. தரத்தை எட்ட வேண்டும். அதற்கு மேல் சூழல் அளவுகோல்களையும் எட்ட வேண்டும். செலவு இரட்டிப்பு, சோதனை இரட்டிப்பு. பெரிய சோப்பு நிறுவனத்துக்கு வேறொரு சங்கடம்: பத்து வகை விற்கிறவர் ஒன்றின் மேல் மட்டும் பானையைப் பொறித்தால், மற்ற ஒன்பதும் கெடுதலா என்று வாங்குபவர் கேட்பார். இவற்றைவிடப் பெரிய காரணம், அந்த முத்திரை இருந்தால் கூடுதலாக ஒரு பெட்டி விற்கும் என்ற உத்தரவாதத்தை யாரும் தரவில்லை. மக்களிடம் அதைக் கொண்டுபோகவும் இல்லை, அரசு தானும் கேட்டு வாங்கவில்லை. பானை பிறந்து ஐந்தே மாதத்தில், 1991 ஜூலையில், நாட்டின் சந்தை திறந்துவிடப்பட்டது. புதிய பொருள்களும் புதிய விளம்பரங்களும் வெள்ளமாக வந்தபோது, விளம்பரமே இல்லாத ஓர் அரசுச் சின்னம் யார் கண்ணில் பட்டிருக்கும்?

ஸ்டார் முத்திரை வேரூன்றியதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது 2006-இல் விருப்பத் திட்டமாகத்தான் வந்தது. 2010-இல் ஏ.சி.க்கும் பனி உறையாத குளிர்பதனப் பெட்டிக்கும் கட்டாயமானது. நல்ல பொருளுக்கு மட்டும் ஒட்டும் முத்திரையாக அது இல்லை. மோசமான பொருளும் தன் ஒற்றை நட்சத்திரத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டுதான் கடைக்கு வர வேண்டும். நட்சத்திரம் கூடக்கூட மின்கட்டணம் குறையும் என்பதால் வாங்குபவருக்குக் கைமேல் பலன். பானை தருகிற பலனோ வாங்குபவர் வீட்டில் விழுவதில்லை. காகித ஆலைக்குக் கீழே ஆற்றுநீர் குடிக்கும் ஊருக்கும், சோப்பு நுரை கலக்கும் ஏரிக்கும்தான் அந்தப் பலன் போய்ச் சேருகிறது. தன் பையில் விழாத பலனுக்காகத் தனிமனிதர் ஒவ்வொரு முறையும் கூடுதல் விலை கொடுப்பார் என்று ஒரு தேசியத் திட்டம் எதிர்பார்த்திருக்கக் கூடாது.

அப்படியானால் சூழல் நிபந்தனை என்பதே நம் நாட்டில் எடுபடாத ஒன்றா? இல்லை என்பதற்குச் சான்று பொத்தேரியிலிருந்து வடக்கே, அதே ரயில் பாதையில் இருக்கிறது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் 1912-இல் அங்கே தொடங்கப்பட்ட குரோம் லெதர் நிறுவனத்தால் வந்தது. குரோமியம் உப்பில் தோல் பதனிடும் முறை இப்பகுதியில் வேர்விட்ட இடம் அது. பக்கத்துப் பல்லாவரத்திலும் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் பெருகின. இரண்டுமே இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கின்றன.

1989 இறுதியில் ஜெர்மனி ஒரு முடிவெடுத்தது. பதனிட்ட ஈரத்தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பூசப்பட்ட பென்டாகுளோரோபீனால் என்ற நச்சு, கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் தோல் இனி உள்ளே வரக் கூடாது என்றது. இந்தியத் தோலைப் பெருமளவு வாங்கிக்கொண்டிருந்த நாடு அது. சில ஆண்டுகளில் அடுத்த அடியாக, உடலில் புற்றுநோய் தரும் பொருளாகப் பிரியக்கூடிய ஆசோ சாயங்களுக்கும் தடை வந்தது. தமிழ்நாட்டுத் தோல் தொழில் பதறியது. ஆனால் முடங்கிவிடவில்லை. 1948-இல் தொடங்கப்பட்ட அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சோதனை முறைகளைக் கொண்டுவந்தது. மாற்றுப் பூஞ்சைக்கொல்லிகளை எப்படிக் கையாள்வது என்று தொழிற்கூடங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. 1997-இல் இந்திய அரசே அந்த வகை ஆசோ சாயங்களுக்குத் தடை விதித்தது. பானை முத்திரைக்குத் தோல் அளவுகோல் எழுதிவிட்டு நாம் காத்திருந்த அதே ஆண்டுகளில், அதே தொழில், அதே ஊர்க்காரர்கள், வாங்குபவர் 'இது இல்லாவிட்டால் சரக்கு வேண்டாம்' என்று சொன்னவுடன் மாறினார்கள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இன்னொரு பாதியும் உண்டு. ஜெர்மானியர் கேட்டது தோலுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டுமே. காலணியைப் போடுகிறவரின் பாதம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. அந்தத் தோலைக் கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று என்று அவர்கள் கேட்கவில்லை. அந்தத் தண்ணீர் பாலாற்றுக்கும், கிணறுகளுக்கும், வயல்களுக்கும் போனது. அதைக் கேட்டது வேலூர் குடிமக்கள் நல மன்றம். அந்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. வட ஆற்காடு, ஈரோடு, திண்டுக்கல், திருச்சி மாவட்டங்களோடு அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத் தோல் தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. முத்திரை எந்த எல்லைவரை பார்க்கிறதோ அந்த எல்லைவரைதான் காக்கும். எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சட்டம் ஒன்றே கதி. முத்திரையைச் சட்டத்துக்கு மாற்றாக முன்வைக்கிற எவரிடமும் எனக்கு உடன்பாடு இல்லை.

எல்லை என்ற இந்தச் சிக்கல் நம் கையிலிருக்கும் நோட்டுப் புத்தகத்திலும் இருக்கிறது. ஈகோமார்க்கின் காகித அளவுகோல், எழுதும் தாளின் கூழில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் மரமும் மூங்கிலும் அல்லாத பொருளிலிருந்து வர வேண்டும் என்று கேட்டது. தமிழ்நாடு அரசு 1979-இல் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், இந்த அளவுகோல் பிறப்பதற்கு முன்பே அந்தத் திசையில் நடந்தது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984 முதல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிற ஆலை அது. மரத்தை மிச்சப்படுத்தும் காகிதம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். நானும் அந்தப் பெருமையில் பங்கெடுத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் சக்கை சும்மா கிடக்கிற குப்பை அல்ல. சர்க்கரை ஆலை தன் கொதிகலனில் அதைத்தான் எரித்துக்கொண்டிருந்தது. காகித ஆலைக்குச் சக்கை வேண்டுமென்றால் சர்க்கரை ஆலைக்கு மாற்று எரிபொருள் கொடுத்தாக வேண்டும். எனவே சர்க்கரை ஆலையில் நிலக்கரிக் கொதிகலன் அமைத்து நீராவியைக் கொடுத்துச் சக்கையைப் பெற்றுக்கொள்ளும் பண்டமாற்று ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ஒரு பக்கம் மரம் தப்புகிறது, இன்னொரு பக்கம் நிலக்கரி எரிகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, ஆலை குடிக்கும் தண்ணீரையும் வெளியேற்றும் கழிவையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதுதான் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. இந்தக் கணக்கை ஒரு மாணவர் நோட்டு வாங்கும் நேரத்தில் கடை வாசலில் நின்று போட முடியாது. அவருக்காக யாரோ போட்டு வைத்திருக்க வேண்டும், அதைப் பொதுவில் வைத்திருக்கவும் வேண்டும். முத்திரை என்ற ஏற்பாட்டுக்கு நியாயமே அதில்தான் இருக்கிறது.

கடற்கரைப் பக்கம் போனால் இதே கேள்வி வேறு உருவில் எதிர்ப்படும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற கோவளத்தின் கடற்கரைக்கு 2021 செப்டம்பரில் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. டென்மார்க்கில் இயங்கும் சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை தருகிற சான்று அது. 1985-இல் பிரான்ஸில் பிறந்த திட்டம். குளிக்கும் நீரின் தரம், கழிவறை, குப்பை அகற்றுதல், உயிர்காப்பாளர், மாற்றுத்திறனாளிகள் கடல்வரை போகும் வசதி என்று 33 நிபந்தனைகள். ஒருமுறை வாங்கிவிட்டு ஓய்ந்திருக்க முடியாது, மறுபடி மறுபடி தகுதியைக் காட்ட வேண்டும். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பாட்டியை மணலைத் தாண்டி அலைக்கு அருகில் கூட்டிச் சென்றதைப் பார்த்தவர்கள் அந்தக் கொடியைக் குறைசொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை.

ஆனால் கொடி பறப்பது கடற்கரையின் ஒரு துண்டில். அந்தத் துண்டுக்கு அடுத்தாற்போல் படகுகளும் வலைகளும் கிடக்கின்றன, மீன் காய்கிறது, வடக்கே முட்டுக்காட்டுக் கழிமுகம் வழியாக நிலத்துத் தண்ணீரெல்லாம் கடலில் கலக்கிறது. சுற்றுலாப் பயணி குளிக்கும் நீரில் எத்தனை கிருமி என்று அளக்கிற சான்று, கழிமுகத்தில் இறால் பிடிக்கிறவரின் கால் படும் நீரையும் அளந்தால்தான் அந்த ஊருக்கு முழுப் பயன். கடற்கரை அழகாகிறபோது படகு நிறுத்தும் இடம் சுருங்கிவிடுமோ என்ற மீனவரின் அச்சத்தை 33 நிபந்தனைகளில் எதற்குள் வைப்பது என்பதும் ஊராட்சியும் மாவட்ட நிர்வாகமும் வெளிப்படையாகப் பேச வேண்டிய விஷயம்.

மண்பானையைச் சின்னமாக வைத்த திட்டத்தில், மண்பானை செய்கிறவருக்கு இடம் எங்கே என்பது என்னை நெடுநாளாக உறுத்துகிற கேள்வி. செங்கல்பட்டு மாவட்டத்தில் பொங்கல் வரும்போது ஜி.எஸ்.டி. சாலையோரம் பானைகள் அடுக்கி வைக்கப்படும். அவற்றைச் செய்கிற குடும்பங்களுக்கு முதல் இடுபொருள் ஏரி வண்டல். அதை அள்ள அனுமதி கேட்டு ஆட்சியர் அலுவலகம்வரை அலைந்த காலம் உண்டு; 2024-இல்தான் வட்டாட்சியரே அந்த அனுமதியைத் தரலாம் என்று விதி எளிதானது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பானை காயாது, சூளை எரியாது, தொழிலே நின்றுவிடும். அந்த நாள்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. இப்படி வாழ்கிற ஒருவர் ஆய்வகக் கட்டணம், ஆவணம், ஆய்வாளர் வருகை என்று சான்றிதழுக்குச் செலவழிக்க முடியுமா? பாக்குமட்டைத் தட்டு செய்கிற சுயஉதவிக் குழுவுக்கும், பனையோலைப் பெட்டி முடைகிற பெண்களுக்கும் இதே நிலைதான். பணமிருப்பவரின் பிளாஸ்டிக் பச்சை முத்திரை பெறும், பணமில்லாதவரின் ஓலைப்பெட்டி முத்திரையற்று நிற்கும் என்றால் அந்த ஏற்பாடு தலைகீழானது.

இதற்கு நம்மிடமே வழி இருக்கிறது. இயற்கை வேளாண்மையில் ஒரு சிறு விவசாயி தனியாகச் சான்று வாங்க முடியாது என்பதை உணர்ந்துதான் பங்கேற்பு உத்தரவாத முறை வந்தது. குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகி, ஒருவர் வயலை மற்றவர் பார்த்துப் பதிவு செய்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கிறார்கள். அயலார் கண்ணுக்குத் தப்பும் பூச்சிமருந்து வாடை பக்கத்து வயல்காரருக்குத் தப்பாது. இன்னொரு பக்கம், தமிழ்நாடு அரசு 2007-இல் தனக்கென்று ஓர் அங்ககச் சான்றளிப்புத் துறையையே கோவையில் தொடங்கி நடத்துகிறது. தனியார் நிறுவனங்களிடம் மட்டும் விட்டுவிடாமல் அரசே சான்றளிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. மண்பாண்டத்துக்கும் பாக்குமட்டைக்கும் பனையோலைக்கும் குழுச் சான்று என்ற வாசலைத் திறப்பது பெரிய காரியமே இல்லை. சூளையில் என்ன விறகு எரிகிறது, மெருகில் ஈயம் கலந்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளை ஒழுங்காகக் கேட்டாலே பானைக்கு முக்கால்வாசிச் சோதனை முடிந்துவிடும்.

இப்போது இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. மத்திய அரசு 2024 செப்டம்பர் 26 அன்று ஈகோமார்க் விதிகளைப் புதிதாக வெளியிட்டு, 1991-ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு மறுஉயிர் கொடுத்திருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தோடு சேர்ந்து நடத்தும். பதிவுபெற்ற சரிபார்ப்பாளர்கள் சோதிப்பார்கள். சான்று மூன்று ஆண்டுக்குச் செல்லும். அடுத்த மாதமே, அக்டோபர் 15 அன்று, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போலிப் பசுமை வாசகங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 'பசுமை', 'சூழலுக்கு இணக்கமானது', 'இயற்கையானது' என்று பொத்தாம்பொதுவாகப் போடக் கூடாது. எந்த வகையில் என்று விளக்கமும் ஆதாரமும் வேண்டும் என்கின்றன அவை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம்வரை. பொத்தேரிக் கவர் மேலுள்ள இலைப் படத்தை யாரும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். புகார் போக வேண்டியது கடைக்காரர் மேல் அல்ல, அதை அச்சிட்டு விற்றவர் மேல். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் சில்லறைக் கடையில் கவரைப் பறிப்பதைக் காட்டிலும், மொத்தச் சந்தைக்குச் சரக்கு வருகிற இடத்தில் மாதிரி எடுப்பதில் பலன் அதிகம். பாலித்தீன் கரையாத டைகுளோரோமீத்தேனில் மக்கும் பிளாஸ்டிக் வகைகள் கரைந்துவிடும். கவர் பாலித்தீனா இல்லையா என்று தெரிந்துகொள்ளச் சின்னதொரு சோதனை போதும்.

விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாங்குகிற கை பெரிதாக இல்லாவிட்டால் 1991-இல் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும். ஜெர்மனியில் 12,000-க்கும் மேற்பட்ட பொருள்களில் நீலத் தேவதை இருக்கிறதென்றால், அங்கே நகராட்சிகளும் பள்ளிகளும் அலுவலகங்களும் அந்தத் தரத்தைக் கேட்டு மறுசுழற்சிக் காகிதம் வாங்கியது ஒரு முக்கியக் காரணம். ஜப்பான் 2000-ஆம் ஆண்டில் சட்டமே போட்டு, அடுத்த ஆண்டிலிருந்து மத்திய அரசு நிறுவனங்கள் பசுமைப் பொருள்களையே தேடி வாங்க வேண்டும் என்றது. இந்தியாவில் அரசுக் கொள்முதல் நாட்டு மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இவ்வளவு பெரிய வாங்குபவர் கேட்காத முத்திரையைப் பொத்தேரி மாணவர் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளை ஆள்வது 1998-ஆம் ஆண்டின் வெளிப்படைத்தன்மைச் சட்டம். நிபந்தனைகளை நிறைவேற்றியவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கே ஆணை என்பது அதன் அடிப்படை. அதிகாரிகளிடம் சூழல் முத்திரை பற்றிப் பேசினால், 'விலை கூடினால் தணிக்கையில் கேள்வி வரும்' என்று உடனே இந்தச் சட்டத்தைக் காட்டுவார்கள். அவர்கள் அச்சம் பொய்யில்லை. ஆனால் சட்டம் தடுப்பது நிபந்தனை வைப்பதை அல்ல. நாற்காலிக்குக் கால் எத்தனை கனம், சீருடைத் துணிக்கு நூல் எத்தனை எண் என்று விவரக்குறிப்பில் எழுதுகிற கை, சூழல் அளவுகோலையும் அதே பட்டியலில் எழுதலாம். அதை எட்டியவர்களுக்குள் குறைந்த விலைக்காரரைத் தேர்ந்துகொண்டால் சட்டமும் நிற்கும். தணிக்கையாளருக்குக் காட்ட எழுத்தில் ஓர் ஆணை வேண்டும். அதை நிதித்துறைதான் பிறப்பிக்க முடியும்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், நம் மாநிலம் ஏற்கெனவே பெரிய அளவில் வாங்குகிற பொருளிலிருந்து. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா நோட்டும் பாடநூலும் ஆண்டுதோறும் அச்சாகின்றன. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் அதற்குக் காகிதம் வாங்குகிறது. கரும்புச் சக்கைக் காகிதம் செய்யும் ஆலையும் அரசு தொடங்கியதே. வாங்குபவரும் விற்பவரும் ஒரே வீட்டில் இருக்கும்போது, முழு வாழ்க்கைச் சுழற்சிக் கணக்கோடு, நிலக்கரியையும் தண்ணீரையும் மறைக்காமல், புதிய விதிகளின்கீழ் ஈகோமார்க் பெற்ற காகிதமே பள்ளிப் புத்தகத்துக்கு வேண்டும் என்று சொல்வதற்கு வேறு யாருடைய அனுமதியும் தேவையில்லை. தனியார் ஆலைகள் போட்டிக்கு வர விரும்பினால் அவையும் அதே சோதனைக்கு வரட்டும். அடுத்த கல்வியாண்டுக்கான காகிதக் கொள்முதல் அறிவிப்பின் தொழில்நுட்பத் தகுதிப் பக்கத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்க நிதித்துறையும் பள்ளிக் கல்வித்துறையும் இப்போதே கோப்பைத் திறக்க வேண்டும்.